கட்டிய நாயும் கட்டவிழும் மனமும்

(நற்கடைப்பிடி பற்றிய ஒரு பாடம்)



மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பங்கள் சில கூடிப் பயிலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், முதிய தாயார் ஒருவர் நம்மை நோக்கி வினா ஒன்றை விடுத்தார். “ஐயா, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னீர்கள். உட்கார்ந்தால் ஒன்று உறக்கம் வருகிறது. இல்லையேல் வளைகுடாவில் வேலை செய்யும் மகனைப் பற்றிய கவலை வருகிறது. ஆனால் அந்திப்பொழுதில் வாசற்படியில் அமர்ந்து வீட்டு நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தால் மனம் தானே அடங்குகிறது. இதுவும் தியானந்தானா? அல்லது வெறும் பாசமா?” என்பது அவர் வினா. வகுப்பிலிருந்த இளைஞர் சிலர் நகைத்தனர். நகைக்கத்தக்கது யாதொன்றும் அவ்வினாவில் இல்லை. வீட்டில் நாய் வளர்ப்போர் பலருடைய உள்ளத்திலும் இருப்பதையே அவர் வெளிப்படையாகக் கேட்டார். அதற்கு விடையாக இப்பாடத்தை எழுதுகிறோம்.

விடையின் சுருக்கத்தை முதலிலேயே கூறிவிடுவோம். நாயை உடைமையாக வைத்திருப்பதனால் மனநலம் விளைவதில்லை. நாய்க்கு நாம் அளிக்கும் முழுக்கவனத்தினால் விளைகிறது. அக்கவனம் இருப்பின் தெருவில் பிறந்த நாயும் நமக்கு ஆசிரியனாகும். அஃதில்லையேல் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய நாயும் சங்கிலியில் கட்டிய சுமையே ஆகும். இதனை ஒவ்வொரு படியாக ஆராய்வோம்.

1. நமக்கும் நாய்க்கும் உள்ள பழைய கணக்கு

முதலில் ஒரு தடையை நீக்க வேண்டும். நம்மவருள் சிலருக்கு நாய் என்னும் சொல்லே கசக்கும். அதற்குக் காரணம் உண்டு. பிறரை இழிவு செய்ய எண்ணியவர் நாவில் முதலில் வரும் சொல் அது. நம் பாட்டன்மார் அச்சொல்லைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தனர். கொச்சியிலிருந்து தொலைவில் இல்லாத வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய பொதுவழிகளில் நாயும் மாடும் தடையின்றி நடந்தன. ஈழவரும் புலையரும் அவ்வழி நடத்தல் கூடாதென்று தடுத்திருந்தனர். அத்தடையை எதிர்த்தே 1924ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் அங்குச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1931ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பம்பாயில் காந்தியாரைச் சந்தித்த அண்ணல் அம்பேத்கர், நாயினும் பூனையினும் இழிவாகத் தம் மக்களை நடத்தும் நாட்டைத் தமது தாயகம் என்று எவ்வாறு கூறுவது என்னும் கருத்தை அவர் முகத்தெதிரே உரைத்தார்.

இவ்வளவும் உண்மை. ஆயினும் சிந்திப்போம். அந்த இழிவைச் செய்தது நாயா? வழியை மறித்து நின்றது நாயன்று, மனிதன். நாய் எந்தச் சாதியாரின் கையிலிருந்தும் சோறு உண்டது. எந்தச் சேரியின் வாயிலிலும் காவல் கிடந்தது. சாதி கேளாமல் நம் முற்றத்துக்குள் வந்த உயிர் அது. நாயென்று வையப்பட்டவன் நாயை உதைப்பானாயின், தன்னை இழிவு செய்தவன் வகுத்த ஏணியை ஒப்புக்கொண்டவன் ஆகிறான். தனக்குக் கீழே ஓர் உயிர் மிதிபட்டால்தான் தான் உயர்ந்தவன் என்னும் எண்ணம் அந்த ஏணியைக் கட்டியவனுடைய எண்ணம். பஞ்சசீலத்தை ஏற்ற நாம் அந்த ஏணியையே வேண்டாமென்று தள்ளியவர்கள். ஆதலின் நாயின்பால் கனிவு காட்டுவது நமது மானத்துக்கு இழுக்கன்று.

மனிதனும் நாயும் கொண்ட உறவு மிகப் பழையது. ஜெர்மனி நாட்டில் பான் நகரையடுத்த ஓபர்காசலில் 1914ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகட்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அவர்களுடன் ஓர் இளநாயும் கிடத்தப்பட்டிருந்தனர். அந்நாயின் பற்களைப் பின்னாளில் ஆராய்ந்தோர், அது கொடிய நோயினால் பல வாரங்கள் வருந்தியதென்றும், மனிதர் அருகிருந்து பேணாவிடின் அத்தனை நாள் பிழைத்திருக்க இயலாதென்றும் கண்டனர். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயுற்ற குட்டியொன்றைக் கற்காலத்து மனிதன் பேணினான். வேதமும் சாத்திரமும் தோன்றுமுன்னரே மனிதனிடம் இருந்த இயல்பு இக்கனிவு.

2. ஆராய்ச்சியாளர் கண்டவை

பகவான் எதனையும் பிறர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல் ஆராய்ந்து ஏற்குமாறு போதித்தார். ஆகவே நாயினால் நலம் விளையுமா என்பதைக் குறித்து அறிஞர் கண்டவற்றுட் சிலவற்றைப் பார்ப்போம்.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதயநோய்க்குச் சிகிச்சை பெற்ற 92 பேரை ஓராண்டுக்குப்பின் ஆராய்ந்து வெளியிட்டனர். அவருள் வீட்டில் வளர்ப்புயிர் வைத்திருந்தோர் 53 பேர்; ஓராண்டுக்குள் அவர்களில் இறந்தோர் 3 பேர். வளர்ப்புயிர் இல்லாதோர் 39 பேர். அவர்களில் இறந்தோர் 11 பேர். 2017ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் 40 முதல் 80 வயதுள்ள 34 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் 12 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்ததில், தனித்து வாழ்வோருள் நாய் வளர்ப்பவர்க்கு மரண அபாயம் நாய் வளர்க்காதவரை நோக்க 33 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது.

இவ்விடத்தில் அவசரப்படலாகாது. நலமுள்ளவரே நாய் வளர்க்க முற்படுகின்றனரோ, நாய் வளர்ப்பதால் நலம் வருகின்றதோ என்பதை இத்தகைய கணக்கு மட்டும் தீர்த்துவிடாது. நாய் இருப்பதனாலேயே மனச்சோர்வு நீங்கிவிடுகிறதென்று எல்லா ஆய்வுகளும் ஒருமுகமாகக் கூறவும் இல்லை. ஆகவே நாயைக் கொண்டுவந்து கட்டினால் நோய் ஓடிவிடும் என்று எவரேனும் கூறின் நம்பற்க. வினா வேறு: நாயோடு நாம் எவ்வாறு பொழுதைக் கழிக்கிறோம்?

இதற்கு விளக்கம் தரும் ஆய்வுகள் மூன்று உள.

ஒன்று: 2019ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 249 மாணாக்கரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவார் 10 நிமிடம் நாய் பூனைகளைத் தொட்டுத் தடவினர். ஒரு பிரிவார் பிறர் தடவுவதைப் பார்த்து நின்றனர். ஒரு பிரிவார் அவ்வுயிர்களின் படங்களைக் கண்டனர். மற்றொரு பிரிவார் வாளா காத்திருந்தனர். பின்னர் அனைவர் உமிழ்நீரையும் சோதித்தபோது, மனநெருக்கடியில் மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு, கையால் தொட்டுப் பழகியவரிடமே குறைந்து காணப்பட்டது. படம் பார்த்தவர் அப்பயனைப் பெறவில்லை. கைப்பேசியில் நாய்ப்படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் நம் இளைஞர் இதனை உணர்தல் வேண்டும்.

இரண்டு: 2015ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு ஆய்வாளர், நாயும் அதன் தலைவரும் ஒருவர் கண்ணை ஒருவர் நெடுநேரம் நோக்கியிருந்தபின், இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் கண்டனர். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பு உண்டாகும்போது சுரப்பதும் இதுவே. மனிதரால் வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இவ்விளைவு காணப்படவில்லை.

மூன்று: 2019ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டில் 58 நாய்களின் மயிரையும் அவற்றை வளர்ப்போர் மயிரையும் சோதித்தனர். வளர்ப்பவரிடம் நெடுநாள் மனநெருக்கடியின் அடையாளம் மிக்கிருந்தால் நாயிடமும் அது மிக்கிருந்தது. நம் கவலையை நாம் வாய்விட்டுச் சொல்லாவிடினும் நாயின் உடல் அதனைச் சுமக்கிறதென்பது பொருள்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்குங்கள். தொடுதலும் நோக்குதலும் இருந்தபோது அமைதி இருபுறமும் பெருகிற்று. கவலை இருந்தபோது அதுவும் இருவருக்கும் உரியதாயிற்று. நாய் மருந்துக் குப்பியன்று. கொடுத்ததைத் திருப்பித் தரும் கண்ணாடி போன்றது.

3. நான்கு நிலைகளிலும் நற்கடைப்பிடி

எண்வகை மார்க்கத்தில் ஏழாவதாகிய நற்கடைப்பிடியைப் பாலி மொழியில் ‘ஸதி’ என்பர். இப்பொழுது நிகழ்வதை இப்பொழுதே மறவாது அறிந்திருத்தல் என்பது அதன் பொருள். ஸதிபட்டான சூத்திரத்தில் பகவான் இதனை உடல், நுகர்ச்சி, சித்தம், தன்மங்கள் என நான்கு நிலைக்களங்களில் நிறுத்திப் பழகக் கற்பித்தார். நடத்தல், நிற்றல், உண்ணல், பேசல் ஆகிய அன்றாடச் செயல்களும் அச்சூத்திரத்தில் அடங்கும். ஆகவே நாயோடு அமர்ந்திருக்கும் நேரமும் அதற்குப் புறம்பானதன்று.

உடல்: நாயின் விலாவில் உள்ளங்கையை மெல்ல வையுங்கள். மூச்சு ஏறுவதும் இறங்குவதும் கைக்குத் தெரியும். ஓய்ந்திருக்கும் நாய் நிமிடத்திற்கு ஏறத்தாழ 10 முதல் 30 முறை மூச்சுவிடும். நாயின் மூச்சை அறிந்தபின் நமது மூச்சையும் அறியுங்கள். தம் மூச்சை மட்டும் கவனிக்கையில் உறங்கிவிடுவோர்க்கு இஃது எளிய வழி. கையில் உயிருள்ள வெதுவெதுப்பு இருக்கும்போது உறக்கம் எளிதில் வாராது. பின்னர் விரல்களை மயிரினூடே மெல்லச் செலுத்துங்கள். காதின் மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருப்பின் விரல் கண்டுகொள்ளும். புண், வீக்கம், மெலிவு ஆகியவை தட்டுப்படும். தியானமும் நாயின் நலமும் ஒரே செயலில் நிறைவேறுகின்றன.

நுகர்ச்சி: தடவும்போது எழும் இனிமையை இனிமை என்றறியுங்கள். நாய் குரைக்கும்போது எழும் எரிச்சலை எரிச்சல் என்றறியுங்கள். இரண்டும் இல்லாத வெறுமையையும் அறியுங்கள். இனிமையைப் பற்றிக்கொள்ளவும் வேண்டா, எரிச்சலை அடித்துத் தீர்க்கவும் வேண்டா. எரிச்சல் எழுந்ததற்கும் கை ஓங்கியதற்கும் இடையே ஒரு நொடி உண்டு. அந்நொடியைக் கண்டவன் நாயை அடியான். நாளடைவில் பிள்ளையையும் அடியான்.

சித்தம்: மனம் அலைகிறதா, சுருங்கிக் கிடக்கிறதா, சினந்திருக்கிறதா என்று நோக்குங்கள். நாம் பல்லாண்டுகள் பஞ்சாலையில் நூற்புப் பொறியின்முன் நின்று உழைத்தவர்கள். பொறி ஓடும்போது இழை அறுவது இயற்கை. அறுந்த இழையை நோக்கிச் சினந்து நிற்கும் தொழிலாளியின் பக்கத்தில் மேலும் பத்து இழை அறும். அறிந்தவன் ஏசுவதில்லை, விரலால் இழையை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்ததற்கு நகர்வான். மனம் அறுந்து மகனிடமோ கடனிடமோ ஓடிவிட்டால் அவ்வாறே செய்க. ஏசாமல் எடுத்துக் கையின்கீழ் இருக்கும் மூச்சோடு ஒட்டுக. ஒரு வேளையில் நூறு முறை அறுந்தாலும் நூறு முறை ஒட்டுவதே பயிற்சி.

தன்மங்கள்: நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள். நாம் குட்டியாகத் தூக்கி வந்தது நம் கண்முன்னே வளர்ந்து, முகவாய் நரைத்து, படியேற மாட்டாது தளர்ந்து மறைகிறது. ஒரு மனித வாழ்வுக்குள் அநித்தியத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் பாடம் இது. இதனை அறிந்து அன்பு செலுத்துவதற்கும் அறியாது பற்றிக்கிடப்பதற்கும் மிக்க வேறுபாடு உண்டு. நாய் மறைந்த வீட்டில் துயர் வருவது இயல்பு. அழுபவரைப் பார்த்து ‘நாய்தானே’ என்று கூறுவது அறியாமை. நிலையாதென்று அறிந்தே அன்பு செய்தவர், துயர் வந்தபோது உடைந்துபோகாமல் அதனைத் தாங்குவர்.

4. கட்டிப் போட்டவன் பெறுவது யாது?

மட்டாஞ்சேரியின் சந்துகள் குறுகியவை. வீடுகள் தோளோடு தோள் ஒட்டியவை. முற்றம் உள்ள வீடு சில. வாசற்படியே முற்றமாகிய வீடு பல. இத்தகைய இடத்தில் நாய் வளர்ப்போர் காலையில் கட்டியதை இரவுவரை அவிழ்க்காமல் விட்டுவிடுவதும் உண்டு. ‘காவலுக்குத்தானே’ என்பர். நாளெல்லாம் கட்டுண்ட நாய் எதற்கும் குரைக்கிறது. எவரையும் கடிக்க எழுகிறது. அக்குரைப்பைக் கேட்டு வீட்டாரும் அண்டையாரும் சினக்கின்றனர். அமைதிக்காக வளர்த்த உயிரே அமைதியின்மைக்குக் காரணமாகிறது. பழி நாயின்மேல் விழுகிறது.

இந்திய அரசின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் நெடுநேரம் உயிரைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை அதன் உடைமையாளர் உலாவவிடாமல் புறக்கணிப்பதும் அப்பிரிவின்படி குற்றமே. சட்டம் அறிந்து செய்வது ஒரு புறம் இருக்கட்டும். வாரைக் கையிற் பிடித்துக் காலையும் மாலையும் நாயோடு நடப்பவர் தம் உடலுக்கும் உலாவுதலை அளிக்கிறார். முதுமையில் வெளியே செல்லக் காரணமற்று அடைந்து கிடப்போர்க்கு இதனினும் நல்ல காரணம் வேறில்லை. வழியில் நால்வர் நலம் கேட்பர். தனிமையும் சிறிது அவிழும்.

அந்நடையையும் கவனத்தோடு நடத்தல் வேண்டும். காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு வாரை இழுத்துச் செல்வது நடையன்று. நாய் நின்று மோப்பம் பிடிக்கும்போது நாமும் நிற்போமாக. நமக்குக் கண் எவ்வாறோ அவ்வாறே நாய்க்கு மூக்கு. பஜார் தெருவின் மிளகு, சுக்கு மணமும் மழை நனைத்த மண்ணின் மணமும் அதற்கு நாள்தோறும் புதிய செய்தி. அந்த ஒரு நிமிட நிற்றலில் நமது அவசரம் நமக்கே தெரியவரும். வெயில் நேரத்தில் தார்ச்சாலை நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஆகவே விடியற்காலையும் ஞாயிறு மறைந்த பின்னுமே ஏற்ற நேரங்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சலின் கிருமி இருத்தல் கூடும். நடந்து வந்தபின் நாயின் காலையும் நம் காலையும் கழுவித் துடைத்தல் நலம்.

மற்றொன்று. பனிநாட்டுக்குரிய அடர்மயிர் நாய்களைப் பெருமைக்காக விலைகொடுத்து வாங்குவோர் உண்டு. கொச்சியின் ஈரவெப்பத்தில் அவை இரைத்து இரைத்து நாள் கழிக்கின்றன. மனிதனைப்போல் உடலெங்கும் வியர்த்துத் தணிய நாயால் இயலாது. நாவை நீட்டி இரைப்பதே அதற்குப் பெரும்பான்மையான வழி. பிறர் வியக்கும்பொருட்டு ஓர் உயிரை வெம்மையில் வைப்பவன் பெறுவது பெருமையேயன்றி அமைதியன்று. இந்நிலத்தில் பிறந்த நாட்டுநாய் இந்நிலத்துக்கு ஏற்றது. தெருவில் பிறந்த குட்டியொன்றை எடுத்து வளர்ப்பவர் பொருளையும் காத்துக்கொள்கிறார், ஓர் உயிரையும் காக்கிறார்.

5. இரண்டு கோடிகள்

மஜ்ஜிம நிகாயத்தின் 57ஆம் சூத்திரத்தில் ஒரு செய்தி உண்டு. கோலிய நாட்டில் ஸேனியன் என்னும் துறவி நாய் விரதம் பூண்டு, நாயைப்போல் தரையில் எறிந்ததையே உண்டு நெடுநாள் வாழ்ந்தான். தன் கதி யாதாகும் என்று அவன்பொருட்டு வினவியபோது பகவான் முதலில் விடைகூற மறுத்தார். மீண்டும் மீண்டும் வேண்டவே, நாயின் நடையையும் நாயின் மனத்தையும் முழுதும் பழகினவன் நாய்களோடு சேர்வான். இவ்விரதத்தால் தேவனாவேன் என்று எண்ணுவது பொய்க்காட்சி என்று விளக்கினார். ஸேனியன் அழுதான், பின்னர்ச் சங்கத்தில் சேர்ந்து உயர்நிலை எய்தினான்.

இதிலிருந்து நாம் கற்பது, நாயிடம் கனிவாக இருத்தல் வேறு, நாயே உலகம் என்று ஆதல் வேறு. நாயைத் தொட்டிலிலிட்டுப் பட்டுடுத்தி, அண்டை வீட்டுப் பிள்ளை பசித்திருப்பதை நோக்காதவர் ஒரு கோடியில் நிற்கிறார். நாயை உதைத்துத் துரத்துபவர் மறுகோடியில் நிற்கிறார். இருவரிடமும் இல்லாதது ஒன்றே: எதிரில் இருக்கும் உயிரை அதன் இயல்போடு காணும் கவனம்.

இப்பொழுது அத்தாயாரின் வினாவுக்கு விடை கூறுவோம். அம்மையீர், வாசற்படியில் நீங்கள் அமர்ந்திருந்தது தியானத்தின் வாசற்படியே. வீட்டின் உள்ளறை அன்று. மைத்திரி பாவனையைப் பழகுவோர் முதலில் தமக்கும், பின்பு அன்புக்குரியவர்க்கும், பின்பு நொதுமலர்க்கும், இறுதியில் பகைவர்க்கும் நலத்தை எண்ணிப் பழகுவர். எளிதில் அன்பு பிறக்கும் இடத்தில் தொடங்கி அரிதான இடத்துக்குச் செல்வது முறை. நாயின்பால் அன்பு எளிது. அது நம்மை எதிர்த்துப் பேசாது, பழைய குறையைச் சொல்லிக் காட்டாது. ஆங்கே பிறந்த கனிவு ஆங்கேயே நின்றுவிட்டால் அது பாசம். அதே கனிவு பக்கத்து வீட்டாரிடமும், மருமகளிடமும், தொலைபேசியில் சினந்து பேசிய மகனிடமும் சென்று சேருமாயின் அது பாவனை. நாயைத் தடவிய கை, வீட்டாரை நோக்கி எவ்வாறு நீள்கிறது என்பதே உரைகல்.

6. அண்டையாரின் அச்சமும் நமது கடமையே

மைத்திரி பேசுவோர் சிலர் நாய்க்கடிக்கு அஞ்சுபவரை இகழ்கின்றனர். இது தவறு. கேரளத்தில் நாய்க்கடி பெருந்துயராக நிலவுவதை அனைவரும் அறிவர். பள்ளி செல்லும் குழந்தையின் அச்சமும் ஓர் உயிரின் துன்பமே. நமது மன அமைதிக்காக வளர்க்கும் நாய் பிறர் அமைதியைக் குலைக்குமாயின் அங்குத் தம்மம் இல்லை.

வெறிநாய்க்கடி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பார் அரியர். ஆயினும் கடிபட்டவுடன் தக்கவை செய்தால் முற்றும் தடுக்கத்தக்கது. லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு முதன்முதல் ஒரு சிறுவனுக்கு ஊசியிட்டுக் காத்தார். நம் தமிழகத்துக் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிறுவனம் அமைந்தது. ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டியது இது: கடியோ கீறலோ பட்டால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுக, மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்தல் கூடாது, அன்றே மருத்துவமனை சென்று, சொல்லிய நாள்களிலெல்லாம் ஊசியை முழுதும் போட்டுக்கொள்க. கடித்தது வீட்டு நாயே ஆயினும் அலட்சியம் வேண்டா. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசியும், நகராட்சியின் உரிமமும், வேண்டாத பெருக்கத்தைத் தவிர்க்கக் கருத்தடையும் செய்வித்தல் வளர்ப்பவர் கடமை. ஈன்ற குட்டிகளைச் சந்தையோரம் விட்டு வருபவர் உயிர்க்கொலைக்கு வழிவகுக்கிறார்.

தெருநாய்களைக் குறித்து நாடெங்கும் வழக்காடுகின்றனர். 2023ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள், அவற்றைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை வகுத்தன. 2025ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களினின்று அவற்றை அகற்றிக் காப்பிடங்களில் வைக்குமாறு ஆணையிட்டது. ஜாதகக் கதைகளுள் 22ஆவதாகிய குக்குர ஜாதகம் இங்கு நினைக்கத்தக்கது. அரசனின் தேர்வாரை அரண்மனை நாய்களே கடித்துத் தின்றன. பழியோ வெளியிலிருந்த நாய்களின்மேல் விழ, அவற்றையெல்லாம் கொல்ல அரசன் ஆணையிட்டான். நாயாகப் பிறந்திருந்த போதிசத்துவர் அரசன்முன் சென்று வழக்குரைத்து, மோரும் தருப்பையும் ஊட்டச் செய்து, குற்றவாளி எதுவென்று மெய்ப்பித்தார். ஆராயாது ஓர் இனம் முழுவதையும் தண்டிப்பது அறமன்று என்பதே கதையின் கருத்து. ஆராயாமல் இனத்தோடு தண்டிக்கப்பட்டோர் வழிவந்த நமக்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஆராய்ச்சி என்பது கடிபட்டோர் துயரையும் சேர்த்தே ஆராய்வது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி தமது இரண்டாம் பாறைக் கல்வெட்டில், தமது நாட்டிலும் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் மனிதர்க்கொரு மருத்துவமும் விலங்குகட்கொரு மருத்துவமும் ஏற்பாடு செய்ததைப் பொறித்தார். இரண்டையும் ஒரே வாக்கில் வைத்ததே சிறப்பு. மனித நலம், விலங்கு நலம் என்று இரண்டு எதிரணிகள் இல்லை.

7. நாள்தோறும் செய்யத்தக்கவை

அ. நாளில் ஒருமுறை 10 நிமிடம் நாயோடு அமர்க. அவ்வேளையில் கைப்பேசியும் தொலைக்காட்சியும் வேண்டா. நாய் அருகே வர விரும்பினால் மட்டும் தொடுக, விலகினால் விடுக. அதன் விருப்பத்தை மதிப்பதும் பாவனையே.

ஆ. கையை விலாவில் வைத்து அதன் மூச்சு பத்து, நம் மூச்சு பத்து எண்ணுக. மனம் அறுந்தால் ஒட்டுக.

இ. தலைமுதல் வால்வரை விரலால் ஆராய்க. உண்ணி, புண், ஈறின் வெளிறல், உணவில் விருப்பமின்மை ஆகியவற்றைக் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

ஈ. உணவை வீசி எறியாமல் கலத்தில் வைத்து, தூய நீரும் வைக்க. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்கலேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழியெலும்பு சிலாம்பாகி குடலைக் கிழிக்கும். மிச்சக் குழம்பை அப்படியே ஊற்றுவது தானமன்று.

உ. எழுமுன், ‘இவ்வுயிர் நலமுறுக, அவ்வாறே இன்று எனக்கு அரிதாகத் தோன்றிய இன்னார் நலமுறுக’ என்று ஒருவரை நினைக்க. நாள்தோறும் ஒருவர்.

ஊ. வீட்டில் நாய் இல்லாதோர் இதற்காக வாங்க வேண்டா. மட்டாஞ்சேரியில் 1904ஆம் ஆண்டு கட்டப்பட்ட தர்மநாதர் சமணக் கோயிலில் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பர். படம் எடுக்காமல், பேசாமல், அச்சிறகொலி அடங்கும்வரை நின்று காண்பவரும் இப்பயிற்சியையே செய்கிறார்.

மனத்துயர் முற்றி உறக்கமும் உணவும் கெட்டோர், நாய் இருக்கிறதென்று மருத்துவரைத் தவிர்த்தல் கூடாது. பகவானே நோயுற்றோர்க்கு மருந்தை விலக்கவில்லை.

வகுப்பில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உடைமையாக வைத்தலுக்கும் கவனம் அளித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. நாயிடம் தொடங்கிய கனிவு பாசமாக நிற்பது எப்பொழுது? பாவனையாக வளர்வது எப்பொழுது?

3. நாய்க்கு அஞ்சும் அண்டை வீட்டாரிடம் சென்று, அவர் அச்சத்தை முழுதும் கேட்டு வருக. அடுத்த வகுப்பில் அவர் கூறியதை மாற்றாமல் கூறுக.

4. நாயென்று பிறரை ஏசும் வழக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளின் நாவில் உண்டா? அதனை மாற்ற யாது செய்யலாம்?

5. இவ்வாரம் எத்தனை நாள் சங்கிலியை அவிழ்த்தீர்? எத்தனை நாள் மறந்தீர்? எண்ணிக் குறித்து வருக.